குழாய் கத்திய சோளகம்

உங்களில் அரைவாசிப் பேருக்கு இப்போது காது கேட்பதில்லை. மறுக்காதீர்கள். போன மாதம் ஒரு கலியாணப் பந்தலில் உங்களில் மூன்று பேரிடம் மணி என்ன என்று கேட்டேன். மூன்று பேரும் தலையை ஆட்டி, "ஓம், ஓம், சுகமா இருக்கிறம்" என்றீர்கள். எனக்கும் இடது காது போய்விட்டது. வலது காதும் போகிற வழியில்தான் நிற்கிறது. ஆனால் குளியலறைக் குழாயைப் பூட்டும்போது சுவருக்குள் எழும்புகிற 'டொக்' மட்டும் எனக்கு இன்னும் தப்புவதில்லை.

இந்த வருடம் மகன் கொக்குவில் வீட்டின் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினான். பளபளவென்று குழாய்கள். ஒரு விரலால் தட்டினால் திறக்கும், தட்டினால் பூட்டும். பேத்தி தட்டித் தட்டி விளையாடுகிறாள், அவள் தட்டும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது. மகன் கைத்தொலைபேசியில் தேடிப் படித்துவிட்டு வந்து, குழாய் ஏன் சத்தம் போடுகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். ஓடிவருகிற தண்ணீரைச் சடக்கென்று மறித்தால் அது போக இடமில்லாமல் குழாயில் மோதுமாம். அது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். தெரிந்துகொள்வதில் ஒரு மாதம் பிந்திவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு முதல் மாதம் என் தம்பி செத்துப்போனான்.

இதை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. மகனுக்கும் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை போயிருக்கும். எங்கள் வயதுக்காரரில் எல்லாரையும் கேட்டுப் பாருங்கள். "எனக்கு மூத்தது ஒண்டு, இளையது ஒண்டு வயித்தாலை போய்ச் செத்தது" என்பார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லிவிட்டுக் குடிக்க முடியவில்லை.

அப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்தார். அங்கே அவர் தங்கியிருந்த அறைக்கு வெளியில் ஒரு குழாய் இருந்ததாம். காலையில் எழும்பிக் கையை நீட்டினால் தண்ணீர். கிணற்றில் அள்ளத் துலாவும் இல்லை, வாளியும் இல்லை. அந்தச் சுகத்தை ஊருக்கும் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஒரு லீவுக்கு வரும்போது இரும்புக் குழாய்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஸ்டேசனில் இருந்து மாட்டு வண்டியில் அவை கலகலத்துக்கொண்டு வந்ததை ஒழுங்கை முழுக்க நின்று பார்த்தது. கிணற்றடியில் நாலு தூண் எழுப்பி மேலே சீமெந்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி, மோட்டர் பூட்டி, குழாயை வீட்டுச் சுவர் ஓரமாக இழுத்துக் குசினிக்கு ஒன்று, அறையோடு ஒட்டிக் கட்டிய குளியலறைக்கு ஒன்று என்று வைத்தார். துலாவைக் கழற்றி விறகாக்கினார்கள். "கிணத்துத் தண்ணியை மேலை ஏத்தி, பிறகு கீழை இறக்கிக் குடிக்கினம், மெத்தப் படிச்ச ஆக்கள்" என்று அயலில் பகிடி பண்ணினார்கள். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை.

குழாய் வாய்கள் பித்தளை. அரைத் திருகிலேயே முழுதாகப் பூட்டிக்கொள்ளும் சாதி. அப்பாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. தாங்கித் தண்ணீர் வீணாகப் போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். என்னைக் குழாயடியில் நிற்பாட்டித் தானே செய்து காட்டினார். திறக்கும்போது எப்படியும் திற, பூட்டும்போது மட்டும் டக்கென்று ஒரே இழுவையில் பூட்டு, ஒரு சொட்டும் விழக் கூடாது. மெதுவாகப் பூட்டினால் குட்டு விழும். ஒரு கிழமைக்குள் என் கை பழகிவிட்டது. மனம் எங்கே நின்றாலும் கை டக்கென்று பூட்டும்.

அப்படிப் பூட்டும்போதுதான் அந்த 'டொக்'. ஒரு குழாயைப் பூட்டினால் முழு வீட்டுக்கும் கேட்கும். குளியலறையில் பூட்டினால் குசினிச் சுவர் அடிக்கும், அறைச் சுவர் அடிக்கும், விறாந்தையில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். திறக்கும்போது வேறு சத்தம். தண்ணீர் வர முதல் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழும்பும், கன்றுக்குட்டி தாயைத் தேடுகிற மாதிரி.

தம்பிக்கு அப்போது மூன்றரை வயது. அவன்தான் குழாய்க்கு மாடு என்று பெயர் வைத்தான். திறந்தால் "மாடு கத்துது" என்பான், பூட்டினால் "மாடு முட்டுது" என்று கைகொட்டிச் சிரிப்பான். அறைக்குள் சுவரோரம் ஓடுகிற இரும்பில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பான். வெயில் காலத்தில் அது குளிர்ந்து கிடக்கும். கன்னத்தில் துருக்கறை பட்டிருக்கும், அம்மா சீலைத் தலைப்பால் துடைத்துவிடுவார். அவனுக்கென்று ஒரு எனாமல் பேணி இருந்தது. வெள்ளை, விளிம்பில் நீலக்கோடு, ஓரிடத்தில் எனாமல் உடைந்து கறுப்பாய் இருக்கும். அந்தப் பேணியில் இல்லாவிட்டால் ஒன்றும் குடிக்க மாட்டான். அது பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

அந்த வருடச் சோளகக் காற்று பொல்லாதது. முற்றத்துப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து சாப்பாட்டுக் கோப்பைக்குள் போட்டது. கதவுகள் நாள் முழுக்க அடித்துக்கொண்டு கிடந்தன. பள்ளிக்கூட விடுதலை, திருவிழாக் காலம், அப்பாவும் லீவில் வந்து நின்றார். கோவிலுக்குப் போய்வந்த அடுத்த நாள் காலமை தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. என்ன தின்றான் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவர் பனங்காய்ப் பணியாரம் என்றார், இன்னொருவர் கச்சான் கடலை என்றார். மத்தியானத்துக்குள் தின்றதெல்லாம் வாயால் வரச் சத்தியும் தொடங்கியது. பின்னேரம் மாமி வந்தார்.

மாமி அப்பாவுக்கு மூத்த சகோதரி. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் ஆளாக்கியவர். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு வருத்தம் என்றால் டொக்டருக்கு முதல் மாமிக்குத்தான் ஆள் போகும். வந்ததும் தம்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கப்படாது, பிள்ளை. ஓட்டை வாளிக்கு வாக்கிற மாதிரி. உள்ளை போறது எல்லாம் வெளியாலை வரும். தண்ணியை நிப்பாட்டினா வயிறு தானா நிக்கும். என்ரை ஆறும் உப்பிடித்தான் தப்பினதுகள்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேச என்ன இருந்தது? அதுதானே அன்றைக்கு ஊர் முழுவதும் தெரிந்த வைத்தியம். உங்கள் வீடுகளிலும் அதேதான் செய்தார்கள். மாதுளம்பழத்தின் கோதை உரித்து அவித்து வற்றவைத்த கசாயம் சின்னக் கரண்டியால் ஒன்று, காய்ந்த உதட்டுக்கு நனைத்த துணியால் ஒரு ஒற்றல். குசினிக்குள் இருந்த குடங்களுக்கெல்லாம் மாமி காவல். தம்பி முதல் நாள் இரவு வரைக்கும் தண்ணி தண்ணி என்று வீரிட்டுக் கத்தினான். கத்தும்போதெல்லாம் மாமி வந்து அதட்டினார். அடுத்த நாள் கத்துவதை விட்டுவிட்டான்.

அடுத்த நாள் காலமை அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமி கசாயம் பிடிக்கட்டும், பின்னேரம் பார்ப்போம் என்றார். அப்பா கொழும்பில் எத்தனையோ பைல்களுக்குப் பதில் எழுதியவர், வீட்டுக்குக் குழாய் கொண்டுவந்தவர், தன் அக்கா சொல்லுக்கு மறுசொல் சொல்லவில்லை. எனக்கு மாமியில் இப்போது கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவில் கோபம் இருக்கிறது. இந்த வயதிலும் இருக்கிறது.

அன்று மத்தியானம். அம்மா முதல் நாள் முழுக்கக் கண் மூடவில்லை. தம்பியின் பாய் ஓரத்தில் இருந்தபடியே சுவரில் சாய்ந்து அயர்ந்துபோனார். மாமி குசினியில் கசாயம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா விறாந்தையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் இருந்தார். தம்பி என்னைப் பார்த்தான். கண் உள்ளே போயிருந்தது. அழுகிற மாதிரி முகத்தைச் சுளித்தான், ஆனால் கண்ணீர் வரவில்லை. கண்ணீருக்கும் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"அக்கா, தண்ணி" என்றான். அதைக்கூட இரகசியமாகத்தான் சொன்னான். உரத்துச் சொன்னால் மாமி வருவார் என்று அந்த மூன்றரை வயதுக்கு விளங்கியிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. அவனுடைய பேணியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்தேன். அது முனகியது. பேணி நிறைந்தது. என் கை, அப்பா பழக்கிய கை, நான் நினைக்க முதலே டக்கென்று பூட்டிவிட்டது.

டொக்.

குசினிச் சுவர் அடித்தது, அறைச் சுவர் அடித்தது. நான் ஓடினேன். தம்பியின் தலையைத் தூக்கிப் பேணியை வாயில் வைத்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் பல் எனாமலில் கடகடவென்று தட்டிய சத்தம் இன்னும் எனக்குள் கிடக்கிறது. ஒரு மிடறு. இரண்டாவது மிடறு. அதற்குள் அப்பாவின் கை வந்து பேணியைப் பறித்தது. பறித்த பறிப்பில் மிச்சம் பாயில் ஊற்றுண்டது. தம்பி உள்ளங்கையை ஈரப்பாயில் வைத்து எடுத்து நக்கினான். அப்பா அவன் கையையும் பிடித்துத் துடைத்துவிட்டார்.

குழாய் அடித்த சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பிய அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா சொன்னதும் எனக்குக் கன்னத்தில் அறைந்தார். அம்மா என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான். சிறிது நேரத்தில் தம்பி சத்தி எடுத்தான். மாமி அதைக் கையால் காட்டி, நன்றாகி வந்த பிள்ளையைக் கெடுத்துப்போட்டாள் என்றார். அந்தச் சத்திக்குப் பிறகு வேறு சாட்சி ஒருவருக்கும் தேவைப்படவில்லை. எனக்கும்தான்.

அப்பா என்னை ஏசவில்லை. விறாந்தைக்குக் கூப்பிட்டு, அமைதியாக ஒன்று மட்டும் சொன்னார். "இனி பைப் அடிச்சா எனக்குக் கேக்கும்."

அவ்வளவுதான். வேறு காவல் ஒன்றும் வைக்கவில்லை. குளியலறைக் கதவுக்குப் பூட்டுப் போடவில்லை, தாங்கியை அடைக்கவில்லை. குழாயே காவல் என்று விட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் தம்பி தண்ணி என்று கேட்பதை நிற்பாட்டினான். கேட்டால் அக்காவுக்கு அடி விழும் என்று நினைத்தானோ தெரியாது. அதற்குப் பதிலாக, "மாட்டைக் கத்தச் சொல்லு அக்கா" என்றான். மாமிக்கு அது விளங்கவில்லை, காய்ச்சலில் பிதற்றுகிறான் என்றார். எனக்கு விளங்கியது. எழும்பிப் போனேன். குளியலறைக்குள் நின்று குழாயின் பித்தளைப் பிடியில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அறைக்குள் இருந்து திரும்பவும் "மாடு" என்ற சத்தம் வந்தது. திறந்தால் முனகும், பூட்டினால் அடிக்கும், அடித்தால் அப்பாவுக்குக் கேட்கும். குடித்தால் தம்பிக்கு இன்னும் கூடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பெரிய பயம் அடிக்குத்தான். கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பூட்டாமல் திறந்தபடியே விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படி எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். குழாயைத் திறந்தபடி விடுவது என்ற ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நினைப்பிலேயே வராது.

விளக்கு வைக்கிற நேரம் தம்பிக்கு வயிற்றால் போவது நின்றது. மாமியின் முகம் மலர்ந்துபோனது. "பாத்தியே பிள்ளை, நிண்டிட்டுது" என்றார். அம்மா ஓடிப்போய்ச் சாமியறையில் கற்பூரம் கொளுத்தினார். அப்பா இரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு தின்றார். எல்லாருக்கும் சந்தோசம். உடம்பில் போவதற்கு இனி ஒரு சொட்டும் இல்லை என்பதால் நின்றது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு, வாடகைக் காருக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவின் மடியில் தம்பி அடங்கிப்போனான். கார் வந்து படலையில் ஹோர்ன் அடித்தது. அப்பா போய்த் திரும்பிப் போகச் சொன்னார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு மாமி கதை சொன்னார். எல்லாம் சரியாய் வந்தது, இவள்தான் ஒளித்துத் தண்ணி கொடுத்துவிட்டாள் என்று. கெட்ட மனதோடு சொல்லவில்லை, அவருக்கு அதுதான் உண்மை. வந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பாவம், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. அம்மா என்னோடு கதைப்பதை நிற்பாட்டினார். கோபம் என்று இல்லை. சோறு போட்டுத் தந்தார், தலை வாரி இழுத்துவிட்டார். கதைக்கவில்லை. பெரிய பிழைகளுக்கு எங்கள் வீடுகளில் கொடுக்கிற தண்டனை அதுதானே.

குழாய் மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் அம்மா விதிர்விதிர்த்து எழும்பினார். யாரும் கோப்பை கழுவிக் குழாயைப் பூட்டினாலும் காதைப் பொத்தினார். கடைசியில் அப்பா ஒரு குழாய்க்காரரைக் கூப்பிட்டார். குருநகர்ப் பக்கத்து மனிதர். கழுத்தில் கயிற்றில் சின்னச் சிலுவை. மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டுகிறவர், குழாய் வேலையும் செய்வார். தம்பி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவர் குழாயைத் திறந்து பூட்டிப் பார்த்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அப்பாவுக்கு உரத்த குரலில் விளக்கம் சொன்னார். எஞ்சின் சத்தத்துக்குள் கதைத்துப் பழகிய குரல், அறைக்குள் படுத்திருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

"ஐயா, தண்ணி ஓடி வருது. நீங்கள் அதின்ரை முகத்திலை கதவை அடிச்சுச் சாத்துறியள். அது எங்கை போகும்? போய் இரும்பிலை தலையை அடிக்குது. பைப்பைச் சுவரோடை இறுக்காமல் விட்டிருக்கு, அதாலை சுவரும் சேந்து அடிக்குது. இஞ்சை பாருங்கோ, மெல்லப் பூட்டினா ஒரு சத்தமும் இல்லை."

மெல்லப் பூட்டினார். குழாய் முனகி, முனகல் தேய்ந்து, தண்ணீர் நூலாகி, சொட்டாகி நின்றது. சுவர் பேசாமல் இருந்தது.

திறக்கும்போது வருகிற முனகலுக்கும் காரணம் சொன்னார். உள்ளே இருக்கிற தோல் வட்டம் தேய்ந்து ஆடுகிறதாம், இடுக்கால் தண்ணீர் வரும்போது அது துடிக்குமாம். முதல் வேலையாகத் தோலை மாற்றினார். பிறகு குழாயைச் சுவரோடு ஆணி அடித்து இறுக்கினார். குழாய் முடிகிற இடத்தில் மேல்நோக்கி ஒரு துண்டை வைத்து அதன் தலையை அடைத்தார், அதற்குள் நிற்கிற காற்றில் தண்ணீரின் வேகம் ஆறும் என்றார். அவர் போன பிறகு அப்பா தனியாகக் குழாயடியில் நின்று நாலைந்து தரம் மெல்லப் பூட்டிப் பார்த்தார். அவருக்கு மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஓடியதை மட்டும் சொல்கிறேன். நல்ல காலம், இது எனக்கு முதலே தெரியாமல் போனது என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். தெரிந்திருந்தால் மெல்லப் பூட்டி மெல்லப் பூட்டி இன்னும் எத்தனை பேணி கொடுத்திருப்பேன், தம்பியை இன்னும் கெதியாகக் கொன்றிருப்பேன் என்று நினைத்தேன்.

இருபத்திரண்டு வருடம் அந்த நினைப்போடுதான் இருந்தேன். படித்தேன், கலியாணம் கட்டினேன், ஒரு பிள்ளையும் பெற்றேன். அப்பாவும் மாமியும் போய்விட்டார்கள். அம்மா என்னோடுதான். அது சண்டை நடந்த, கரண்ட் இல்லாத காலம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மோட்டர் துருப்பிடித்துக் கிடந்தது, திரும்பவும் வாளியால்தான் அள்ளினோம். மகனுக்கு ஒன்றரை வயதில் வயிற்றால் போகத் தொடங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரை நிற்பாட்டினேன். நானே நிற்பாட்டினேன். ஒரு பகல் முழுக்க. அம்மாவும் பக்கத்தில் இருந்து ஓம் என்றார்.

பின்னேரம் பிள்ளை துவண்டுபோனான். அந்தச் சுளித்த முகத்தையும் கண்ணீர் இல்லாத கண்ணையும் கண்டதும் பிள்ளையை வாரி எடுத்தேன். சைக்கிளில் ஏறி, அம்மா பின்னுக்கு இருந்து பிள்ளையைப் பிடிக்க, ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். அங்கே ஒரு இளம் மிஸி. எங்கள் ஊர்களில் தாதிக்கு அந்தப் பெயர்தானே. தண்ணீர் கொடுக்கவில்லை என்று நான் பெருமையோடு சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை வாழ்நாளுக்கும் போதும். பிள்ளையைக் காயப்போட்டுக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று ஏசினாள். வயிற்றால் போகிற தண்ணீரை வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும், கேட்கக் கேட்கக் கொடுக்க வேண்டும், சத்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றாள். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் பருக்கினாள். மகன் நக்கி நக்கிக் குடித்தான். ஒரு மணித்தியாலத்தில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மிஸி அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பியபோது அவளுடைய கையைப் பிடித்தார்.

"முந்தின காலத்துப் பிள்ளையளுக்கும் உதுதானோ மருந்து, பிள்ளை?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. சிரித்தாள். "பிள்ளையள் எந்தக் காலத்திலையும் பிள்ளையள்தானே அம்மா" என்றாள்.

அம்மா சுவரோர மர வாங்கில் வந்து இருந்தார். நான் மகனுக்குக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மிடறு தம்பியைக் கொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. சந்தோசம் வரவில்லை. கொல்லவில்லை என்றால், மிச்சத்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். மெல்லப் பூட்டியிருந்தால் மிச்சத்தைக் கொடுத்திருப்பேன். அப்பாவுக்குக் கேட்டிருக்காது. குழாய் தவிர அந்தத் தண்ணீருக்கு வேறு காவலே இருக்கவில்லை.

அம்மா நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் தம்பியைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"அண்டைக்கு நீ அவனுக்கு எவ்வளவு குடுத்தனி?"

"வயிறு நிறையக் குடுத்தனான் அம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"பொய் சொல்லாதை. பைப் ஒருக்காத்தான் அடிச்சது."

அவரும் எண்ணித்தான் வைத்திருக்கிறார். நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, ஆனால் பார்த்துத்தான் சொன்னேன்.

"நீங்கள் கேட்டது ஒருக்காத்தான். மற்ற நேரமெல்லாம் மெல்லப் பூட்டினனான். மெல்லப் பூட்டினா அடிக்காது. அந்தக் குருநகர் ஆள் சொன்னதும் உங்களுக்குக் கேட்டதெல்லோ."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எத்தினை தரம்?" என்றார்.

"அஞ்சாறு தரம்."

"குடிச்சவனோ?"

"ஓம் அம்மா. ஆசையாக் குடிச்சவன்."

சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா அழுதார். செத்தவீட்டிலும் அப்படி அழவில்லை. பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகனுக்கு மிச்சத்தை இடது கையால்தான் பருக்கினேன்.

அதற்குப் பிறகு அம்மா பதினாறு வருடம் இருந்தார். எங்களோடு நன்றாகக் கதைத்தார், சிரித்தார், பேரனை வளர்த்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தம்பியின் கதையையும் சொல்வார். அவனின் விதி முடிந்துபோனது, மற்றப்படி எங்கள் பிள்ளை ஒளித்து ஒளித்து அஞ்சாறு தரம் தண்ணீர் கொடுத்தவள், கடைசிவரைக்கும் அவன் தாகத்தோடு போகவில்லை என்று சொல்வார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று தலையாட்டுவேன். உங்களில் சிலரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள், என்னை மெச்சியும் இருக்கிறீர்கள்.

ஒரு தரம்தான் கொடுத்தேன். இரண்டு மிடறு. மிச்சம் பாயில் ஊற்றுண்டது. இரண்டாம் தரம் போய்க் குழாயில் கையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.